தாண்டிப்போன பக்கம்

கவிஞர் பாப்லோ நெரூடா 1973இல் இறந்தார். மறு வருடம் வெளிவந்த அவருடைய நினைவுக் குறிப்புகளில், சிலி நாட்டுத் தூதரக அதிகாரியாக 1929 வாக்கில் கொழும்பு வெள்ளவத்தையில் குடியிருந்த நாட்கள் வருகின்றன. கடலோர பங்களா, அவர் வளர்த்த கீரிப்பிள்ளை, தனிமை. கூடவே, விடிவதற்கு முன்பே வந்து கழிப்பறை வாளியைச் சுத்தம் செய்துவிட்டுப் போகும் ஒரு தமிழ்ப் பெண். தீண்டத்தகாத சாதி என்று அவரே சொல்கிறார். பழமும் பட்டும் வைத்துப் பார்க்கிறார். அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒருநாள் காலை மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போகிறார். கடைசிவரை அவள் கண்ணைத் திறந்தபடி சிலையாகக் கிடந்ததையும், தன்னை அவள் வெறுத்தது நியாயமே என்பதையும் எழுதிவிட்டு, அடுத்த கதைக்குப் போய்விடுகிறார். அவள் பெயர் எங்கும் இல்லை.

வேறு யாரும் சுமத்திய பழி அல்ல இது. விசாரணை, சாட்சி எதுவும் தேவையில்லை.

நான் அதை இளவயதிலேயே படித்துவிட்டேன். படித்து என்ன செய்தேன்? 'இதையெல்லாம் எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்' என்று நண்பர்களிடம் சிலாகித்தேன். அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பிற்பாடு ஒரு கல்லூரிக் கூட்டத்தில் அந்த அத்தியாயத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். கீரிப்பிள்ளைக் கதைக்கு நல்ல சிரிப்பு. வாளி வரும் இடத்துக்கு முன்பே நிறுத்திக்கொண்டேன். முடிந்ததும் ஒரு மாணவி வந்து, "அந்தத் தமிழ்ப் பொண்ணப் பத்தி ஏன் சார் சொல்லல?" என்றாள். புத்தகம் அவள் கையில் இருந்தது. "நேரமில்லம்மா. அந்தக் காலத்தையும் வச்சுப் பார்க்கணும்ல" என்றேன். நேரம் இருந்தது. டீ கூட வந்திருக்கவில்லை.

2018 அக்டோபரில் மீ டூ தமிழ் சினிமாவுக்கும் வந்தபோது, குற்றஞ்சாட்டப்பட்டவர்களின் பாட்டைக் கேட்க மாட்டேன், படத்தைப் பார்க்க மாட்டேன் என்று முதல் ஆளாகக் குரல் கொடுத்தவன் நான். அவர்களில் ஒருவரைக்கூட எனக்கு முன்பும் பிடிக்காது. ஆகவே நஷ்டம் எதுவும் இல்லை. அதே வருடக் கடைசியில், சாண்டியாகோ விமான நிலையத்துக்கு நெரூடா பெயரை வைக்கும் யோசனையைச் சிலி நாட்டுப் பெண்ணியவாதிகள் இந்தப் பக்கத்தைக் காட்டியே எதிர்த்தார்கள். செய்தியைப் படித்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. செத்தவருக்கு ராயல்டியா போகப்போகிறது, வைத்தால்தான் என்ன என்று வாதாடினேன். உள்ளே இருந்த காரணம் வேறு: அவர் நம்ம ஆள், இடதுசாரி, என் இருபதுகளின் கவிஞர்.

இன்னும் மோசமான ஒன்று உண்டு. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் காகிதத்தில் தூங்குகிறது என்று கட்டுரை கட்டுரையாக எழுதியிருக்கிறேன். எதிலும் அந்த வெள்ளவத்தைப் பெண் இல்லை. அவள் இடத்தில் என் வீட்டுப் பெண் போல ஒருத்தி, ஒரு குமாஸ்தா மகள் இருந்திருந்தால், பக்கத்தை அவ்வளவு லேசில் புரட்டியிருப்பேனா? மாட்டேன். 2021இல் சிங்கள இயக்குநர் அசோக ஹந்தகம அந்தச் சம்பவத்தை வைத்து 'அல்பொராடா' என்று படமே எடுத்தார். தமிழில் எழுதிப் பிழைக்கும் நான் ஒரு பத்தி எழுதவில்லை.

நெரூடாவின் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொல்லப்போவதில்லை. போடவில்லை, சில இரவுகளில் எடுத்துப் படிக்கவும் செய்கிறேன். மேடையில் மட்டும், நெரூடாவைப் பேசச் சொன்னால் அந்தப் பக்கத்தை முதலில் படிக்கிறேன். "பசங்களுக்கு எதுக்குய்யா இதெல்லாம்" என்று மூத்தவர்கள் கோபிக்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு அழைப்பதில்லை.

இதை எழுதும்போதும் ஒரு சந்தேகம் அரிக்கிறது. ஒப்புக்கொண்டவனுக்குப் பாதி மன்னிப்பு என்ற சலுகையை நெரூடாவுக்கு வாரிக் கொடுத்தவன் நான். இப்போது அதையே எனக்கும் கேட்கிறேனோ என்னவோ. கேட்டால் கொடுக்காதீர்கள்.