தொண்ணூற்று நாலு

எடை மெஷினில் 94 என்ற எண்ணைப் பார்த்தாலே எரிச்சல் வந்த காலம் ஒன்று உண்டு. ஆபரேஷன் முடிந்த புதிதில் மளமளவென்று இறங்கிய உடம்பு, அரை வருஷம் தாண்டியதும் அந்த எண்ணில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஷிப்ட் பஸ்ஸில் பக்கத்து சீட்டுத் தம்பி கேட்பான்: "என்னண்ணே, இரைப்பையவே வெட்டி எடுத்தாச்சு, இன்னுமா இறங்கல?"

வெட்டி எடுத்தது வாஸ்தவம்தான். எனக்குச் செய்தது ஸ்லீவ். இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒடுங்கிய குழாயாக விட்டுவைப்பார்கள். பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கிற பகுதியும் அதோடு போய்விடும். அதனால் முதல் மாதங்களில் பசியே தெரியாது. சோறு என்றொரு பண்டம் இருப்பதே சில நாள் மறந்துபோகும்.

அப்பாவுக்குச் சோறுதான் எல்லாம். ஒரு படி சாதம் சாப்பிடுகிற மனுஷன், கடைசிவரை ஒல்லிதான். ஏரிப் பாசனத்து வரப்பில் விடிந்ததிலிருந்து நடை. ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கவும் நடைதான். எங்கள் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் கம்பெனிக்கு 1996-இல் அடிக்கல் நாட்டினார்கள். 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் ஆலை ஓடத் தொடங்கியது. நடுவில் வயல்கள் ஒவ்வொன்றாக சிப்காட் தொழிற்பேட்டையின் காம்பவுண்டுக்குள் போயின. எங்கள் தலைமுறைக்கு வாசலிலேயே பஸ், கேன்டீனில் மானிய விலைச் சாப்பாடு, லைனில் நின்ற இடத்திலேயே எட்டு மணி நேரம். வேலை கிடைத்ததைக் குறை சொல்லவில்லை, வீட்டைக் கட்டியது அந்தச் சம்பளம். ஆனால் உடம்பும் கூடவே ஏறியது. எங்கள் பக்கம் மட்டுமல்ல. தேசிய குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் அதிக எடையுள்ள பெண்கள் 2015-16-இல் 30.9 சதவீதம், 2019-21-இல் 40.4. ஆண்கள் 28.2-லிருந்து 37.

94-இல் நின்றபோது எனக்குத் தோன்றிய ஒரே வழி, இன்னும் குறைத்துச் சாப்பிடுவது. டாக்டர் கூடாது என்றார். பட்டினி கிடந்தால் உடம்பு என்ன செய்யும் என்பதை அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்பவர் 1944-45-இல் சோதித்துப் பார்த்திருக்கிறார். 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரை வயிற்றுச் சாப்பாடு. எடை கால்வாசி குறைந்தது. சும்மா இருக்கும்போது உடம்பு எரிக்கும் சக்தியோ ஏறக்குறைய 40 சதவீதம் சரிந்தது. வரவு குறைந்தால் உடம்பும் செலவைச் சுருக்குகிறது. மெலிந்த உடம்புக்கு வேண்டியதே குறைவு. போதாக்குறைக்குக் கொழுப்போடு தசையும் கரைந்தால் கணக்கு இன்னும் இறுகிவிடும். அறுவைக்குப் பிறகு எடை ஒரே சீராக இறங்குவது யாருக்குமே இல்லையாம். நின்று நின்றுதான் இறங்கும், ஒன்று ஒன்றரை வருஷத்தில் அடிமட்டத்தைத் தொடும்.

டயட்டீஷியன் அம்மா கேட்டது ஒரே கேள்வி. "நைட் ஷிப்ட்ல என்ன குடிக்கிறீங்க?"

ராத்திரி இரண்டு மணி டீ. எவர்சில்வர் டிரம்மின் பைப்பைத் திருகினால் பேப்பர் கப்பில் ஆவியோடு விழும். சர்க்கரை கலந்தேதான் வரும், வேண்டாமென்று சொல்ல ஆள் இருக்காது. கூடவே ஒரு பொட்டலம் மிக்சர். சுருங்கிய இரைப்பையின் விசித்திரம் இங்கேதான். வேகவைத்த கோழி இரண்டாவது வாய்க்கே நெஞ்சில் நிற்கும். மிக்சரோ வாயில் மாவாகி, டீயோடு வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். வயிறு நிறைந்ததே தெரியாது, கை மறுபடி பொட்டலத்துக்குப் போகும். கத்தி இரைப்பையைத்தான் மாற்றியது. ராத்திரி வேலையும் பகல் தூக்கமும் அந்த டிரம்மும் அப்படியேதான் இருந்தன.

பகலில் சரியாகத் தூங்காதவனுக்குப் பசி கூடும் என்றும் அந்த அம்மாதான் சொன்னார். ஜன்னலுக்குக் கனமான திரை போட்டோம். தட்டில் முதலில் புரதம், பிறகு காய், இடமிருந்தால் சாதம். நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்பது கணக்கு. ஒரு முட்டையில் 6 கிராம்தான், அதனால் சுண்டல், பனீர், மீன் என்று நாள் முழுக்கப் பிரித்துத்தான் சேர்க்க முடியும். தண்ணீர் சாப்பாட்டோடு கிடையாது, அரை மணி விட்டுத்தான். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழும் பயிற்சியை வீட்டில் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். ரத்தப் பரிசோதனையில் பி12 குறைவாக இருந்தது, அதற்கு ஊசி.

94 அப்போதும் அசையவில்லை. ஆனால் யூனிஃபார்ம் பேன்ட்டின் பெல்ட் ஒரு ஓட்டை உள்ளே போனது. மெஷினைவிட பெல்ட் நம்பகமானது என்பது என் கட்சி. 93 என்று காட்டியபோது பஸ் தம்பியிடம் சொன்னேன். "அவ்ளோதானா?" என்றான்.

எங்கள் பக்கத்துக் கம்பெனிகளின் கேன்டீன் கமிட்டியில் இருக்கும் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். ராத்திரி டீயைச் சர்க்கரை இல்லாமல் போடுங்கள், சர்க்கரையைத் தனியாக ஒரு கிண்ணத்தில் வையுங்கள். மிக்சருக்குப் பதில் ஒரு கரண்டி சுண்டலும் அவித்த முட்டையும் கொடுங்கள்.