பட்டாளம் போச்சு... போர்டு போகலை!

காட்பாடியிலிருந்து விழுப்புரம் லைனில் கொஞ்ச தூரம் போனால் ஒரு ஸ்டேஷன். போர்டில் 'வேலூர் கண்டோன்மென்ட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. வெளியே வந்து ஆட்டோக்காரரிடம், "கண்டோன்மென்ட் எங்கேப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். "இதான் சார் கண்டோன்மென்ட். எங்க போணும், ஏறுங்க!" என்பார்.

பாரக்ஸ் இல்லை, பரேடு இல்லை, பியூகிள் சத்தம் இல்லை. பட்டாளம் மூட்டை கட்டிப் பல காலம் ஆச்சு. பெயரை மட்டும் எடுத்துப் போக மறந்துவிட்டார்கள்! சுதந்திர இந்தியாவில் தமிழ்நாட்டுக்கு மிஞ்சிய கண்டோன்மென்ட்கள் இரண்டே இரண்டு... பரங்கிமலை, வெலிங்டன்.

அப்படியானால் ஓர் ஊரில் பட்டாளம் இருக்கலாம், இருக்க வேண்டாம் என்று யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? பதில் தேட வேலூர்ப் பக்கத்தை விட்டால் நல்ல இடம் கிடைக்காது.

முதலில் கோட்டை. அகழியில் தண்ணீர், உள்ளே ஜலகண்டேஸ்வரர், மியூசியம், மாலையானால் புல்வெளியில் காதல் ஜோடிகள். 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு அவர் குடும்பத்தைக் கொண்டுவந்து வைத்தது இங்கேதான். 1806-ல் புதுத் தலைப்பாகையை மாட்டு, தாடியை எடு, நெற்றிக் குறியை அழி என்று உத்தரவு வந்தது. அந்தத் தலைப்பாகையில் தோலில் செய்த ஒரு குஞ்சம் வேறு! இன்றைக்குத் தோலால் பிழைக்கிற ஜில்லாவில், அன்றைக்கு ஒரு துண்டுத் தோல் ரத்த ஆறே ஓடக் காரணங்களில் ஒன்றாக இருந்தது. ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் கிளம்பினார்கள். ஆற்காடு முகாமிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து வந்து அடக்கினான். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்தார்கள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் நம் விஷயம். கலகம் செய்த படைப்பிரிவுகளைக் கலைத்தார்கள். திப்புவின் பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். கவர்னர் பெண்டிங்கையே திரும்ப அழைத்துக்கொண்டார்கள். ஆனால் கோட்டையை மூடவில்லை! கோபம் வந்தால் ஆளை மாற்றுவார்கள், முகாமை மாற்ற மாட்டார்கள்.

முகாமை மாற்ற வைப்பது வேறொன்று. எதிரி வீடு மாறுவது!

மைசூர் 1799-ல் அடங்கியது. மராட்டியர்கள் 1818-ல் அடங்கினார்கள். தெற்கே சண்டை போட ஆளே இல்லை. வெள்ளைக்காரனுக்கு ரஷ்யாக்காரன் ஆப்கானிஸ்தான் வழியாக வந்துவிடுவானோ என்று வயிற்றைக் கலக்கியது. கிச்சனர் பிரபு தளபதியாக இருந்தபோது (1902-1909) படையை வடமேற்கு நோக்கியே வரிசைப்படுத்தினார். குதிரைப்படை குடியிருந்த ராணிப்பேட்டை பிழைத்துக்கொண்டது. 1906-லேயே பாரி கம்பெனியின் சூப்பர் பாஸ்பேட் உரத் தொழிற்சாலை வந்தது. அப்புறம் தோல் ஷாப்புகள். லாயத்து வாடை போய் டேனரி வாடை வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலூரிலிருந்து டவுன் பஸ் பிடித்து அணைக்கட்டு போனோம். ஜவ்வாது மலை அடிவாரம். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், நிமிர்ந்த முதுகும் முறுக்கிய மீசையுமாக ஒரு பெரியவர். பார்த்தாலே தெரிந்தது, எக்ஸ்-சர்வீஸ்மேன். ஹவில்தாராக ரிடையர் ஆனவராம்.

"பட்டாளத்தைக் காலி பண்ணா யாருக்கு ஐயா கஷ்டம்?" என்றோம்.

பொட்டலத்திலிருந்த மல்லாட்டையை உடைத்துக்கொண்டே சொன்னார்: "எனுக்கு இன்னா தம்பி? ஒரு ட்ரங்குப் பொட்டி, ஒரு ஹோல்டால். ஆர்டர் வந்தா ராவோட ராவா ரயிலு ஏறிடுவேன். எங்க துணி வெளுத்த டோபி, முடி வெட்டுனவன், முட்டை கொண்டாந்து போட்ட கிழவி... அவங்களுக்கு எந்த ஊருக்கு போஸ்டிங்கு குடுப்பாங்க?"

சிரிப்பு வந்தது. கொஞ்சம் கழித்துச் சுருக்கென்றது.

பணக் கணக்கிலும் மூடுவார்கள். ஜவான்களுக்குப் பால் தர 1889-ல் அலகாபாத்தில் ராணுவ மாட்டுப் பண்ணை ஆரம்பித்தான் வெள்ளைக்காரன். ஊரெல்லாம் பால் பாக்கெட் கிடைக்கிற காலத்தில் பட்டாளம் ஏன் மாடு மேய்க்கணும்? ஷெகத்கர் கமிட்டி ஆராய்ந்து சொல்ல, 39 பண்ணைகளை மூட 2017-ல் அரசு முடிவெடுத்தது. 2021-க்குள் மாடுகளும் 'ரிடையர்' ஆகிவிட்டன!

அமெரிக்காவில் இது பெரிய கூத்து. எந்த முகாமை மூடப் போனாலும் அந்தத் தொகுதி எம்.பி. குறுக்கே படுத்துக்கொள்வார். பத்து வருஷம் போல ஒரு பெரிய முகாமைக்கூட மூட முடியவில்லை. கடைசியில் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். ராணுவ இலாகா லிஸ்ட் போடும். தனி கமிஷன் ஒன்று ஊர் ஊராகப் போய் மக்கள் சொல்வதைக் கேட்டு, லிஸ்ட்டைத் திருத்தும். அப்புறம் மொத்த லிஸ்ட்டுக்கும் சேர்த்து 'சரி' அல்லது 'வேண்டாம்'. 'என் ஊரை மட்டும் விட்டுடுங்க' பாச்சா பலிக்காது. 1988, 91, 93, 95, 2005 என்று ஐந்து தடவை இப்படி மூடினார்கள்.

நம் ஊரில் படைத் தலைமை எழுதும், பாதுகாப்பு இலாகா பார்க்கும், பெரிய விஷயமானால் அமைச்சரவை வரை போகும். முட்டைக் கிழவியைக் கூப்பிட்டுக் கேட்க அதில் ஓர் இடம் இல்லை.

சரி, மூடினது மூடினதுதானா? இல்லை என்கிறது அரக்கோணம். முன்பு வேலூர் மாவட்டம், 2019 முதல் ராணிப்பேட்டை மாவட்டம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட விமானத் தளம் அங்கே தூங்கிக்கொண்டிருந்தது. வங்கக் கடலில் கண் வைக்க வேண்டிய காலம் வந்ததும் கடற்படை தட்டி எழுப்பியது. 1992-ல் 'ஐ.என்.எஸ். ராஜாளி' பிறந்தது. இப்போது அங்கிருந்து பி-8ஐ விமானங்கள் நீர்மூழ்கிகளைத் தேடிப் பறக்கின்றன. போர்க்காலத்து இன்னொரு தளமான தஞ்சாவூரும் அப்படியே. 2013-ல் விமானப்படை நிலையம், 2020-ல் சுகோய்-30. சோழவரம் ரன்வேயில் மட்டும் கார் ரேஸ் விட்டோம். அது தனி ரகம்!

இரண்டு இடத்திலும் நிலம் மிச்சமிருந்தது. பிளாட் போட்டு விற்றிருந்தால் ராஜாளி எங்கே இறங்கும்?

ஆக, எதிரி எங்கே, செலவு எவ்வளவு என்ற இரண்டு கேள்வியோடு ஃபைலை மூடிவிடக் கூடாது. நாளைக்கு இந்த இடம் வேண்டியிருக்குமா, இன்றைக்கு இந்த ஊர் என்ன சாப்பிடும் என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மூடுவது தப்பில்லை. டோபிக்குத் தகவல் சொல்லாமல் மூடுவதுதான் தப்பு.

கிளம்பும்போது பெரியவரிடம் கடைசியாக ஒன்று கேட்டோம். "வேலூருக்கு மறுபடி பட்டாளம் வருமா?"

"வந்தா வரட்டும்" என்றார். "போர்டு எழுதுற செலவு மிச்சம்!"