டிவிடிக்குள்ள அடங்காத அப்பா

அம்மாவுக்கு ஒரு டிவிடி ரைட் பண்ணிக் கொடுக்கறது என்ன பெரிய வேலைன்னு நினைச்சுத்தான் ஆரம்பிச்சேன். மூணு டிஸ்க் ஆயிடுச்சு மக்களே!

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 2018-ல தங்கச்சி பொண்ணுக்குக் குலசாமி கோயில்ல காதுகுத்து. தாய்மாமன் நான், நாக்பூர்லேர்ந்து லீவு போட்டுப் போயிருந்தேன். ஆளாளுக்கு செல்போன்ல எடுத்த வீடியோ, மொத்தம் ரெண்டு மணி நாப்பது நிமிஷம், என் லேப்டாப்ல கிடந்தது. 2021-ல அப்பா போயிட்டார். அதுக்கப்புறம் அம்மா அந்த வீடியோவைக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. செல்போன் அவங்களுக்கு ஒத்து வரலை. திரை சின்னது, கையும் நடுங்குது. அருப்புக்கோட்டை வீட்டுல இருக்கறது பழைய டிவியும், பென் டிரைவ் சொருக இடமில்லாத டிவிடி பிளேயரும்தான். அதுல டிஸ்க் போட்டுப் பாக்கறது மட்டும் அவங்களுக்கு அத்துப்படி.

2024 பொங்கலுக்கு எம்பி4 ஃபைல்களை அப்படியே டிஸ்க்ல போட்டு எடுத்துட்டுப் போனேன். பிளேயர் துப்பிடுச்சு. நாக்பூர் திரும்பி, பேங்க் ஆணியெல்லாம் புடுங்கிட்டு ராத்திரி உக்காந்து படிச்சப்பதான் விளங்குச்சு. செல்போன் எடுக்கறது பெரும்பாலும் ஹெச்.264 இல்லேன்னா ஹெச்.265. பழைய பிளேயர் டிவிடில எதிர்பாக்கறது எம்பெக்-2. நம்ம நாட்டு 'பால்' முறைப்படி (கறக்கற பால் இல்லீங்க, டிவி முறை) 720-க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 படம். வெளிநாட்டு நோட்டை எங்க கேஷ் கவுண்டர்ல நீட்டினா என்ன ஆகும்? பணம் பணம்தான், ஆனா மாத்திட்டு வரணும். டிவிடிஸ்டைலர்னு ஒரு இலவச மென்பொருள் இந்த மாத்தற வேலையைப் பாத்துக்குது.

அடுத்தது கணக்கு. டிவிடி 4.7 ஜிபி, அதாவது 470 கோடி பைட் (விண்டோஸ் 4.38-னு காட்டும், பயந்துடாதீங்க). ரெண்டு மணி நேரம்னா ஒலியும் சேர்த்து நொடிக்கு 5 மெகாபிட் கிடைக்கும், படம் நல்லா இருக்கும். ரெண்டு மணி நாப்பதுன்னா 4-க்கும் கீழே. தரம் குறையுமேன்னு, கிடா விருந்துக்கு அப்புறம் எடுத்த 'வெட்டி' காட்சியெல்லாம் நாப்பது நிமிஷம் வெட்டித் தள்ளினேன். "உங்க மடியில புள்ளையை வச்சிருக்கறது மட்டும் மூணு பக்கத்துலேர்ந்து இருக்கே?"ன்னு தங்கமணி கேட்டாங்க. காதுல வாங்கலை.

கூரியர் போன அன்னிக்கு ராத்திரியே அம்மா போன்.

"ஏய்யா, படம் பளிச்சுன்னு இருக்கு. அப்பா வாடகைச் சேரை எண்ணுவாகளே, அது எங்கய்யா?"

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரலை. மச்சான் சும்மா கோயில் ஆலமரத்தைப் படம் புடிச்ச துண்டு அது. பின்னால அப்பா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு எண்ணுவார். ரெண்டு குறையும். மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணுவார். கேமரா ஒரு தடவைகூட அவரை நேரா பாக்காது. ஆனா குரல் முழுக்க அவரோடதுதான். கூடத்துல எல்லாரோடயும் சேர்ந்து சிரிச்சுக்கிட்டு நிக்கற அப்பாவை அம்மா தேடலை.

லேப்டாப்ல இருந்த மூல ஃபைலை அழிக்காம வச்சிருந்ததால பிழைச்சேன். ரெண்டு டிஸ்க்கா போடலாமேன்னு கேப்பீங்க. ஒண்ணு தொலைஞ்சா எது தொலையும்னு பயம். அதனால தரத்தைக் குறைச்சு, ஒரு நிமிஷம்கூட வெட்டாம, எல்லாத்தையும் ஒரே டிஸ்க்ல ஏத்தினேன். டிஸ்க் என்னிக்கு வேணா கெட்டுப் போகலாம், அதனால மூல ஃபைல் இப்ப ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல இருக்கு. நீங்களும் அப்படி வச்சுக்கோங்க. வெட்டறதுக்கு முன்னாடி, பாக்கப் போறவங்களை ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

"படம் கொஞ்சம் மங்கலா இருக்குமே அம்மா?"ன்னு கேட்டேன்.

"இருந்துட்டுப் போகுதுய்யா. இன்னிக்கும் ரெண்டு சேர் குறையுது"ன்னாங்க.