வழக்குக் கட்டில் இல்லாத சான்றிதழ்

போன வருடம் ஒரு தாயை அழைத்துக்கொண்டு உயர் நீதிமன்றம் போனோம். மகனைக் கொன்றவர்களுக்குக் கீழ்க்கோர்ட் கொடுத்த ஆயுள் தண்டனையை எதிர்த்து அவர்கள் மேல்முறையீடு செய்திருந்தார்கள். என்ன பேசுவது என்று பேருந்திலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார் அந்த அம்மா. உள்ளே வழக்கறிஞர்கள் பக்க எண் சொல்லி வாதாடினார்கள். வெளியே வந்ததும், "என்னைய ஒண்ணுமே கேக்கலையே?" என்றார். நாங்கள் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

மேல்முறையீட்டில் சாட்சிகள் பொதுவாக மறுபடி கூண்டில் ஏறுவதில்லை. கீழே பதிவான சாட்சியம், குறியிடப்பட்ட ஆவணங்கள், தீர்ப்பு என்று அந்தக் கட்டைத்தான் நீதிபதிகள் படிக்கிறார்கள். அதைப் புதிதாக எடைபோட அவர்களுக்கு முழு அதிகாரம் உண்டு. கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட வழக்கில் கீழ்க்கோர்ட் தண்டித்த மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. வசதியானவர்கள் தாங்களே நேரில் வந்து இதைச் செய்திருப்பார்களா என்று அதற்குச் சந்தேகம் வந்துவிட்டது. கோகுல்ராஜ் வழக்கிலோ, முக்கியச் சாட்சி பிறழ்ந்த பிறகும், நீதிபதிகள் இருவர் சம்பவ இடங்களுக்கு நேரில் போய்ப் பார்த்தார்கள். 2023இல் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தார்கள். கட்டு ஒன்றுதான், படிக்கிற கண்தான் வேறு. ஆனால் கட்டிலேயே இல்லாததை எந்தக் கண்ணும் படிக்க முடியாது.

எங்கள் வழக்கில் கொலைக் குற்றம் நின்றது. வன்கொடுமைச் சட்டப் பிரிவு விழுந்தது. காரணம், சாதிச் சான்றிதழ் விசாரணையில் குறியிடப்படவே இல்லை. தாலுகா ஆபீசுக்கு நான்கு முறை அலைந்து அதை வாங்கியதே நாங்கள்தான்! அரசு வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டோம். மேலே கூடுதல் சாட்சியம் சேர்க்க மனு போடலாம், போட்டோம். விட்டுப்போன ஓட்டையை அடைக்கவா மேல்முறையீடு என்று எதிர்த்தரப்பு கேட்டது. மனு தள்ளுபடி.

மாணவத் தோழர்களே, தீர்ப்பு நாளன்று வாசலில் கூடுகிற நாம், குறுக்கு விசாரணை நாளில் எங்கே போகிறோம்? குற்றவாளிகள் விடுதலையானால் அரசு சும்மா இருந்தாலும் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம், 2009 இறுதியிலிருந்து அந்த உரிமை இருக்கிறது. வன்கொடுமைச் சட்டத்தில் கெடு 90 நாள். ஆனால் ஒருமுறை கிடைத்த விடுதலையை மேலே உடைப்பது மிகக் கடினம்.

அடுத்த மாதம் இன்னொரு வழக்கில் சாட்சி விசாரணை தொடங்குகிறது. ஆவணப் பட்டியலை இப்போதே கையில் எடுத்துவிட்டோம். முதல் நாள் தானும் வருவதாக அந்த அம்மா சொல்லியிருக்கிறார்.