அம்மம்மாவின் அறைக்கு ஒரு தேர்மோஸ்டாற்

ரொறன்ரோ மாமி, "ஸ்மார்ட் தேர்மோஸ்டாற் ஒண்டு அனுப்பட்டோ?" எண்டு கேட்டா. அங்கத்தையக் கருவி 24 வோல்ட் வயரால் ஹீற்றரை இயக்குவது. எங்கட சுவர் ஏசிக்கு அந்த வயரே இல்லை, ரிமோட்டின் அகச்சிவப்புக் கதிர்தான். ஆகவே எங்களுக்குத் தோதானது ரிமோட்டின்ர வேலையைச் செய்யிற சின்ன வைஃபை பெட்டி. வெப்பமானியும் உள்ளதாப் பாத்து வாங்கவேணும். இல்லாட்டி அது இன்னொரு ரிமோட், அவ்வளவுதான்.

சித்திரை வெக்கையில அம்மம்மா விடியும்வரை பனையோலை விசிறியோட இருக்கிறா. ஆனால் மின்கட்டணம் 2022 ஆவணியில் சராசரி 75 வீதம், 2023 மாசியில் இன்னொரு 66 வீதம் கூடின நாடு இது. மாதம் 180 அலகைத் தாண்டினால் ஆகக்கூடிய விலை. 26 பாகையில் வைச்சு, ஃபானும் போட்டு, மூண்டு மணிக்குத் தானா நிண்டால் காணும். கரண்ட் போய் வந்தாப்பிறகு இதெல்லாம் நினைவில இருக்குமோ எண்டு கடையில கட்டாயம் கேளுங்கோ. பழைய ரிமோட் அம்மம்மாவின்ர தலைமாட்டிலேயே கிடக்கட்டும்.