அடித்தகடு

பழைய பொம்மைக் காருக்கு விலை பேசும் முன் அதைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். மேலே இருக்கும் பளபளப்பை யார் வேண்டுமானாலும் பூசலாம். சங்கதி அடியில்தான் இருக்கிறது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவள் அம்மா. பொம்மைக் காரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆரணியில் எங்கள் வீட்டில் தறி இருந்தது. யார் புடவையை விரித்துக் காட்டினாலும் அம்மா முந்தானையைப் பார்க்க மாட்டாள். ஓரத்தைப் பிடித்துத் திருப்பி, பின்பக்கம் ஜரிகை எப்படி ஓடியிருக்கிறது என்று பார்ப்பாள். சந்தேகம் வந்தால் ஓர் இழையை உருவிக் கொளுத்துவாள். முடி கருகும் வாசம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. உருகி மணியாகத் திரண்டால் பாலியஸ்டர். அசல் ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டிழை தெரியும். இத்தனை தெரிந்த அம்மாவைப் புடவை வாங்க வந்த வியாபாரிகள் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அப்பாவிடம்தான் பேசுவார்கள். அப்பா உள்பக்கம் திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வார்.

அண்ணனுக்கு ஒரு கார் இருந்தது. மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோவதற்கு முன், அங்கே பழைய சாமான் கடையொன்றில் மாமா வாங்கி வந்த மெர்சிடிஸ் பென்ஸ். உள்ளங்கை நீளம், நல்ல கனம். எனக்குச் செப்புச் சாமான் வந்தது. காரை நான் தொடக் கூடாது. ஆனால் அது உருண்டு தறிக்குழிக்குள் விழுந்தால் இறங்கி எடுத்துத் தருவது என் வேலை. அந்தக் குழியின் இருட்டில் கொஞ்ச நேரம் கூடுதலாக வைத்திருப்பேன். சக்கரத்தைச் சுழற்றுவேன், கவிழ்த்து அடியைத் தடவுவேன். எழுத்துகள் இருக்கும். ஓரிடத்தில் மட்டும் எதையோ சுரண்டி எடுத்ததுபோல் சொரசொரப்பு.

வேலைக்குச் சேர்ந்த பிறகு, சங்க இலக்கியம் நடத்தும் ஒருத்திக்கு இதெல்லாம் எதற்கு என்று சக ஆசிரியர்கள் சிரிக்க, நான் பழைய கார்கள் வாங்க ஆரம்பித்தேன். ஏமாந்துதான் கற்றுக்கொண்டேன். அக்காலத்து டிங்கி, மேட்ச்பாக்ஸ் கார்களில் உடலும் அடித்தகடும் ரிவெட்டால் இணைந்திருக்கும். பெயிண்டை உரித்துப் புதிதாக அடிப்பவர்கள் அந்த ரிவெட்டின் தலையைத் துளையிட்டு எடுப்பார்கள், பிறகு பசையோ திருகாணியோ போட்டு மூடுவார்கள். ரிவெட் முனையில் புது உலோகம் மினுங்கினால் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று பொருள். பெயிண்ட் கனத்துக் கிடந்து கதவுக் கோடுகளை நிரப்பியிருந்தால் அதுவும் மறுபூச்சு. சக்கர அச்சின் நுனியிலும் டயரிலும் சிதறிய சாயம் காட்டிக்கொடுத்துவிடும். கார் அறுபது வயது, டயர் மட்டும் நேற்றுப் பிறந்த கறுப்பு என்றால் யோசிக்க வேண்டும். பெட்டியிலும் மோசடி உண்டு. அச்சடித்த நகலில் எழுத்தின் ஓரம் மங்கியிருக்கும், மடிப்பில் தேய்மானமே இருக்காது. அபூர்வமான நிறம் என்று சொல்லி விற்பதில்தான் அதிகப் பணம் என்பதால் பொய்யும் அங்கேதான் அதிகம்.

புதுப்பிப்பது குற்றமில்லை. புதுப்பித்ததை மறைத்து விற்பதுதான் குற்றம்.

சென்னையில் ஒரு வியாபாரியிடம் போனபோது கணவரும் உடன் வந்தார். வியாபாரி கண்ணாடி அலமாரியைத் திறந்து, "சார், ஒரிஜினல் டிங்கி, கம்பெனி பெயிண்ட்" என்று அவர் கையில் கொடுத்தார். நான் வாங்கிக் கவிழ்த்தேன். "ரிவெட்டைத் துளைச்சிருக்கீங்களே" என்றேன். "அதெல்லாம் டெக்னிக்கல், மேடம். சாருக்குத் தெரியும்." எங்கள் வீட்டு சாருக்கு சைக்கிள் செயின் மாட்டவே தெரியாது. அவர் அதைச் சொல்லவும் செய்தார். அதற்குப் பிறகும் வியாபாரி விலையை அவரிடமேதான் குறைத்தார்.

டிங்கியைத் தயாரித்த மெக்கானோ நிறுவனம் தன் விளையாட்டுப் பொருள்களைச் சிறுவர்களுக்கான பொறியியல் என்று விளம்பரம் செய்தது. ஆனால் லிவர்பூல் பின்ஸ் ரோடு தொழிற்சாலையில் கார்களைப் பூட்டியவர்களிலும் பெட்டியில் அடுக்கியவர்களிலும் ஏராளமானோர் பெண்கள். எங்கள் தெருவிலும் அப்படித்தான். தறியில் உட்கார்ந்தவர் நெசவாளர். விடிகாலையில் எழுந்து தார் சுற்றியவளுக்கும், அறுந்த இழையைக் கண் வலிக்க முடிந்தவளுக்கும் பெயர் கிடையாது. கூலிப் புத்தகத்தில் அப்பா பெயர் மட்டும்தான் இருந்தது.

அண்ணனின் காரைச் சில வருடங்களுக்கு முன் பரண் சுத்தம் செய்யும்போது பழைய இரும்பு மூட்டையில் கண்டெடுத்தேன். காகிதம் கிழிப்பதுபோலப் பெயிண்ட் உரிந்திருந்தது. வார்ப்பும் கரடுமுரடு. படத்தைப் பார்த்த ஒரு நண்பர், "டிங்கியைக் காப்பியடித்த டூப்ளிகேட்" என்றார். நான் அடித்தகட்டைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். சொரசொரப்பான இடத்தில் 'நிக்கி' என்று இருந்தது.

அது காப்பி இல்லை. 1960-களின் பிற்பகுதியில் மெக்கானோ தன் பழைய வார்ப்பச்சுகள் சிலவற்றைக் கல்கத்தாவிலிருந்த நிறுவனத்துக்கு விற்றது. வெளிநாட்டுப் பொம்மைகள் இங்கே எளிதில் இறக்குமதியாக முடியாத காலம். அதே அச்சில் இந்தியாவில் வார்த்த கார்கள் நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் வந்தன. அச்சிலிருந்த 'டிங்கி'யை அழித்துவிட்டு 'நிக்கி'யைப் பொறித்தார்கள், அழித்த தடம் தெரியும்படியே. அச்சு அசல், வார்த்த கை அசல், பெயர்தான் மாறியது. இப்போது இவற்றைத் தேடி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். நிக்கி காருக்கு டிங்கி அடித்தகட்டை மாட்டி விற்றால் அது போலி. நிக்கி என்றே நிற்பது எப்படிப் போலியாகும்? எங்கள் தெருவில் நெய்த புடவை வெளியூர்க் கடையில் காஞ்சிபுரம் பட்டு என்று விலைபோனதைப் பார்த்திருக்கிறேன். அதைக் கட்டிக்கொண்ட பெண்ணிடம், "இது ஆரணி" என்று சொன்னதற்கு அவர் முகம் சுருங்கியது. ஆரணிப் பட்டுக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை.

காரை அம்மாவிடம் காட்டினேன். கண் இப்போது சரியாகத் தெரிவதில்லை. கையில் வாங்கியதும் முதலில் கவிழ்த்தாள். கட்டைவிரல் நேராக அந்தச் சொரசொரப்பில் போய் நின்றது.

"இங்க இன்னாவோ பேரு இருந்திருக்குடி."

"ஆமாம்மா."

"அழிச்சிட்டு எழுதியிருக்காங்க."

பொங்கலுக்கு வந்த அண்ணன் காரை அலமாரியில் பார்த்துவிட்டான். அடையாளம் தெரிந்ததும் முகம் மலர்ந்தது. தன் பையனுக்கு வேண்டுமாம். "என்னுதுதானே அது" என்றான். உண்மைதான். பெயிண்ட் கடைக்காரர் ஒருவர் தெரியுமாம், உரித்துவிட்டு அடித்தகட்டையும் வழவழவென்று தேய்த்துப் புதிதாக்கித் தருவாராம். "தறிக்குழியில இருந்து எத்தனை தடவை எடுத்துக் கொடுத்திருக்கேன்னு தெரியுமாண்ணா?" என்று கேட்டேன். அவனுக்கு ஞாபகம் இல்லை.

கார் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அவன் இரண்டு முறை போன் செய்துவிட்டான்.