தங்கத்துக்குள் ஏழு டிகிரி

பெங்களூரில் நான் பார்க்கப்போன எலக்ட்ரான் நுண்ணோக்கி ஒரு தனி அறையில் நிற்கிறது. அது வேலை செய்யும்போது உள்ளே யாரும் இருப்பதில்லை. உடம்புச் சூடும் பேச்சொலியும்கூடப் படத்தைக் கலைத்துவிடும். அதை இயக்குபவர் சேலத்துக்காரர், பக்கத்து அறையில் திரை முன்னால் இருந்தார். "முதல்ல கீழ கரைசல் காய்ச்சுறதைப் பாத்துட்டு வாங்க சார். அங்க கோட்டை விட்டா இங்க நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்று அனுப்பிவைத்தார்.

கீழே ஓர் ஆய்வு மாணவி குடுவையை ராஜ திராவகத்தில் கழுவிக்கொண்டிருந்தார். பழைய தங்கம் துளி ஒட்டியிருந்தாலும் புதிய துகள்கள் அதைப் பற்றிக்கொண்டு கண்டபடி வளருமாம். இளமஞ்சள் நிறத் தங்க உப்புக் கரைசல் தளதளவென்று கொதித்ததும் சோடியம் சிட்ரேட்டை ஒரே வீச்சில் ஊற்றினார். மஞ்சள் வெளுத்தது, கருநீலம் படர்ந்தது, சில நிமிடங்களில் மாதுளைச் சிவப்பு. 1951இல் டர்கெவிச் குழுவினர் ஆராய்ந்து எழுதிய முறை இது. ஒவ்வொரு துகளும் ஏறத்தாழ 15 முதல் 20 நானோமீட்டர். அதில் ஒரு சொட்டு, 3 மில்லிமீட்டர் அகலச் செப்பு வலைத்தட்டில் காய்ந்து மேலே போனது.

திரையில் கருப்புப் பின்னணியில் வெள்ளைப் புள்ளிகள். ஒரு புள்ளி என்பது ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் தங்க அணுக்களின் வரிசை. சேலத்துக்காரர் துகள்களைத் தேடித் தேடி, ஐந்து பிரிவுகள் ஒரு மையத்தில் கூடும் ஒன்றில் நிறுத்தினார்.

அதைக் கண்டதும் எனக்குச் சிலிர்த்தது. ஒவ்வொரு பிரிவும் ஒரு நான்முகி போல. ஒழுங்கான நான்முகி ஒன்றின் இரு முகங்களுக்கு இடையே 70.53 டிகிரி. ஒரே விளிம்பைச் சுற்றி ஐந்து நான்முகிகளை அடுக்கினால் 352.65 டிகிரிதான் வரும். வட்டம் மூட 7.35 டிகிரி போதாது. ஆனால் திரையில் இடைவெளியே இல்லை. அணுக்கள் இழுபட்டும் வளைந்தும் அதை மூடிவிட்டன. அந்த இழுபறிதான் திரிபு. 1966இல் ஜப்பானின் ஷோசோ இனோ இத்தகைய தங்கத் துகள்களை விவரித்தார். இவ்வளவு சிரமப்பட்டு இந்த வடிவத்தை எடுப்பானேன்? அணுக்கள் மிக நெருக்கமாக அமைந்த முகங்களையே வெளியே காட்டினால் மேற்பரப்பு ஆற்றல் குறையும். சிறிய துகளில் அந்தச் சேமிப்பு, திரிபின் செலவைத் தாங்குகிறது. துகள் பெருத்தால் செலவு மிஞ்சிவிடும்.

கடினமான வேலை அதற்குப் பிறகுதான். தங்கத்தில் அந்த நெருக்கமான அடுக்குகளுக்கு இடையே 0.235 நானோமீட்டர். அதில் நூற்றில் ஒரு பங்கு மாறியிருக்கிறதா என்று அளக்கவேண்டும். மாதிரி கொஞ்சம் நகர்ந்தாலே பொய்த் திரிபு முளைத்துவிடும். "இந்த வளைவெல்லாம் தங்கத்தோடதுன்னு நினைச்சுடாதீங்க சார். பாதி மெஷினோடதா இருக்கும்" என்றார். மாதிரி நிலைகொள்ளும்வரை கைகட்டிக் காத்திருந்தார். ஒரு படம் எடுத்தபின், மாதிரியை வருடும் எலக்ட்ரான் கற்றை ஓடும் திசையை 90 டிகிரி திருப்பி இன்னொன்று எடுத்தார். நிஜமான திரிபு துகளோடு நிற்கும், பொய்யானது கற்றையோடு திரும்பும். அன்று காலை எடுத்தவற்றில் பெரும்பாலானவற்றை அவர் தயங்காமல் ஒதுக்கினார்.

எதை நம்பலாம் என்று தீர்ப்புச் சொல்லும் இந்தக் கைகளுக்குரியவர் பெயர், ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலும் நன்றியுரையோடு நின்றுவிடுகிறது. எனக்கு அது அநியாயமாகவே படுகிறது.

அடுத்த மாதிரி பிளாட்டினம். எரிபொருள் கலத்தில் அதன் மேற்பரப்பு அணுக்கள் சற்றே நெருங்கினால் ஆக்ஸிஜன் மீதுள்ள பிடி தளரும், வினை வேகமெடுக்கும். எவ்வளவு நெருக்கம் என்பதில்தான் வேதியியலாளரின் கணக்கே நிற்கிறது. மாணவி நோட்டும் பேனாவுமாக வந்து முதல் எண்ணைக் குறிக்கப்போனார்.

"இருடா, ரெண்டு திசையிலயும் ஒரே எண் வரட்டும். அப்புறம் எழுதிக்கோ."